118 பேர், 243 மஞ்ஜூ

சாட்சியத்தை ஹோரிபே தின்றுவிட்டான்.

தின்று முடித்த பிறகுதான் அது சாட்சியம் என்று தெரியவந்தது. யுசாகி ஊர் நூலகத்தின் பின்னறை மேசையில், வெள்ளைக் காகிதம் சுற்றிய மஞ்ஜூ என்ற இனிப்பு ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. வெளியே மெத்தென்ற தோல், உள்ளே பயற்றம் பூரணம், மொத்தமே இரண்டு கடிதான். விடியற்காலையில் ஒரு சோற்று உருண்டையைப் போட்டுக்கொண்டு ரயிலேறியவன் வேறென்ன செய்வான்?

"ஹோரிபே," என்றார் நிஷிகோரி, திரும்பிப் பார்க்காமலே. "வாயில என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"அந்த ஒண்ணுமில்லாததை முழுங்கிட்டு, சுத்தியிருந்த காகிதத்தையாவது கொடு."

நிஷிகோரி ஃபுமியே இருபது வருஷம் போலீஸில் 'கண்டெடுத்த பொருள்' பிரிவில் உட்கார்ந்திருந்தவர். குடை, பல்செட், ஒருமுறை ஒரு கல்யாண மோதிரம் என்று தொலைந்தவற்றை உரியவரிடம் சேர்த்துச் சேர்த்து அலுத்துப்போய், சலவைக் கடைக்கு மேலே ஒரு துப்பறியும் அலுவலகம் திறந்தார். ஹோரிபே அதற்கு முன்பு படகுத்துறைக் கேன்டீனில் சமையல்காரன். அங்கே அவனுடைய நாக்கு பேசியது முதலாளிக்குப் பிடிக்காமல் போகவே, இங்கே உதவியாளனாக ஒட்டிக்கொண்டான். நாக்கு இங்கேயும் சும்மா இருப்பதில்லை. சம்பளம் கொடுப்பவர் பொறுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் மிட்சுஹாஷி யசுயோ. நாற்பத்தேழு வயது. பதினொரு வருஷமாக நூலகத்தின் புத்தக வண்டியை மலைக் குடியிருப்புகளுக்கு ஓட்டுகிறவள். பனிக்காலத்தில் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டுவதைக்கூட யார் கையையும் எதிர்பார்க்காமல் தானே செய்பவள். இன்று மார்ச் இருபத்தேழு. முப்பத்தொன்றாம் தேதியோடு அவளுக்கு வேலை இல்லை.

"நான் செஞ்ச தப்பு இதுதான்," என்று ஊர்ச் செய்திமடலை நீட்டினாள். அதில் 'நூலக ஊழியர் - 2' என்று அச்சிட்டிருந்தது. "நாங்க இங்க ஒம்பது பேர் வேலை செய்யறோம். மீதி ஏழு பேர் யாருன்னு ஒரு சீட்டுல எழுதி, கீழே என் பேரையும் போட்டு, ஆலோசனைப் பெட்டில போட்டேன்."

"அக்கா, அந்தப் பெட்டி அழகுக்கு வெச்சிருக்கறது. அதுல போய் யாராவது ஆலோசனை போடுவாங்களா?" என்றான் ஹோரிபே.

"பதில் வரல. பதினஞ்சு நாள்ல, ஏப்ரல்லேர்ந்து வர வேணாம்னு தகவல்தான் வந்துது. ஊர் ஆபீஸ்ல போய்க் கேட்டா, நீ எங்க ஆளே இல்ல, ஆள் அனுப்பற கம்பெனியப் போய்க் கேளுங்கறாங்க. கம்பெனிக்காரன், நாங்க ஆள் விக்கல, நூலகச் சேவைதான் விக்கறோம், வாங்கறவங்களுக்கு வேணாம்னா வேணாம்தாங்கறான். பதினோரு வருஷம் இந்த ஊர்ல வண்டி ஓட்டினேன், நிஷிகோரி-ஸான். ஒருத்தர்கூட என்னை ஆள்னு சொல்ல மாட்டேங்கறாங்க."

அவள் குரல் உடையவில்லை. கோபம்தான் இருந்தது, நல்ல கெட்டியான கோபம். ஹோரிபேக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

தொழிலாளர் நல அதிகாரி குவபாரா அம்மாளிடம் அவள் ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டாள். ஊர் அலுவலகம் உங்களைத் தன் ஊழியராகத்தான் நடத்தியது என்பதற்கு ஓர் ஆதாரம் கொண்டுவாருங்கள், முப்பத்தொன்றுக்குள் வழக்கு எடுக்கிறேன், அதற்குப் பிறகு என்னால் முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். இன்று மூன்று மணிக்கு மேயர் எபினுமா நடத்தும் விளக்கக் கூட்டத்துக்கும் அவர் வருகிறார்.

எபினுமாவின் புகழ் மாவட்டம் பூராவும் பரவியிருந்தது. பத்து வருஷத்துக்கு முன்பு இருநூற்று முப்பத்தாறு பேர் இருந்த ஊர் அலுவலகத்தைச் சரிபாதியாக, நூற்றுப் பதினெட்டாகச் சுருக்கிவிட்டாராம். 'பாதி ஆள், முழுச் சேவை' என்று கட்டட முகப்பில் பெரிய துணி கட்டியிருந்தார்கள். போன வாரம் டோக்கியோவில் இதற்காக ஒரு விருதுகூட வாங்கி வந்தார்.

நிஷிகோரி கையிலிருந்த காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 'டோக்கியோ பயணத்தின் சிறு அடையாளம், மேயர் எபினுமா' என்று அச்சிட்டிருந்தது. கடைப் பெயர் கிடையாது.

"இதை ஏன் நீங்க சாப்பிடல?"

"அந்த விருதுக்குக் கொடுத்த இனிப்பு. தொண்டைல இறங்கல."

"எனக்கு இறங்கிடுச்சு," என்றான் ஹோரிபே. "மன்னிச்சுக்குங்க அக்கா."

"இந்த ஏழு பேருக்கும் கொடுத்தாரா?" என்று கேட்டார் நிஷிகோரி.

யசுயோ அந்தக் கேள்வியே விளங்காதவளாகப் பார்த்தாள். "கொடுக்காம? வெளியூர் போய்ட்டு வந்து, ஒருத்தர் மேசைல மட்டும் வைக்காம விட்டா எவ்வளவு அசிங்கம்! யாராவது அப்படிச் செய்வாங்களா?"

"செய்ய மாட்டாங்க." நிஷிகோரி எழுந்துவிட்டார். "சம்பளப் பட்டியல்ல ஆளை விட்டுடலாம். செய்திமடல்ல விட்டுடலாம். வருஷப் போட்டோல 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க'ன்னுகூடச் சொல்லிடலாம். ஆனா இனிப்பு வாங்கப் போனா தலையை எண்ணித்தான் ஆகணும். ஒண்ணு குறைஞ்சா மானம் போயிடும். எபினுமா எத்தனை மஞ்ஜூ வாங்கினாருன்னு தெரிஞ்சா, எத்தனை ஆளுன்னு அவரே நம்மகிட்ட சொன்ன மாதிரி."

"எங்கன்னு போய்த் தேடறது? டோக்கியோ ஸ்டேஷனுக்குள்ளயே நூறு கடை இருக்குமே," என்றாள் யசுயோ. மணி பன்னிரண்டே முக்கால் ஆகியிருந்தது.

ஹோரிபே நாக்கால் மேலண்ணத்தை ஒரு தடவை துழாவினான். "டோக்கியோ வேணாம் மேடம். இஞ்சி."

"என்ன?"

"பூரணத்துல இஞ்சிச் சாறு விட்டிருக்கு. அதுவும் கொஞ்சநஞ்சம் இல்ல, தொண்டைல இன்னும் எரியுது. குளிர்ல கடலுக்குப் போறவனுக்குப் போடற கை இது. அந்தப் பட்டணத்துல எவனும் இப்படிப் போட மாட்டான். அக்கா, உங்க ஊர்ல இஞ்சி மஞ்ஜூ யாரு போடறாங்க?"

யசுயோவின் வாய் பிளந்தது. "ஹமாயா கடை. துறைமுகத் தெரு மிசாவோ அக்கா."

"அப்போ மேயர் டோக்கியோல விருதை மட்டும் வாங்கிக்கிட்டு, இனிப்பை மறந்துட்டாரு. இங்க வந்து சத்தமில்லாம சமாளிச்சிருக்காரு." நிஷிகோரி கோட்டை மாட்டிக்கொண்டார். "ஹோரிபே, இனிமே நீ எதையும் கேக்காம தின்னலாம்."

"இதை எழுதிக் கொடுங்க மேடம்."

*

ஹமாயா மிசாவோவுக்கு அறுபதை ஒட்டி வயதிருக்கும். முழங்கை வரை மாவு. வாடிக்கையாளர் வந்தால் சிரிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

"என்ன வேணும்?"

"டோக்கியோ மஞ்ஜூ இருக்கா?" என்றான் ஹோரிபே.

மாவுக் கை நின்றது. "யாரு சொன்னா?"

"என் நாக்கு."

"உன் நாக்கை அளவா வெச்சுக்க தம்பி. எனக்கு ஒண்ணும் தெரியாது. பள்ளிக்கூட விழா, விளையாட்டு விழா, புத்தாண்டு, எல்லாத்துக்கும் ஊர் ஆபீஸ்லேர்ந்துதான் எனக்கு ஆர்டர். வாயைத் திறந்தேன்னா கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

நிஷிகோரி வற்புறுத்தவில்லை. தட்டில் இருந்த மஞ்ஜூக்களைப் பார்த்தபடி நின்றார். அவருடைய வேலையில் பாதி இப்படிச் சும்மா நிற்பதுதான் என்று ஹோரிபேக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தாங்காது, ஏதாவது பேசிவிடுவார்கள். இந்த முறை தாங்காமல் போனது யசுயோவுக்கு.

"மிசாவோ அக்கா, அன்னிக்கு மேயர் எங்க எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வெச்சு என்ன சொன்னாரு தெரியுமா? 'சாப்பிட்டுப் பாருங்க, பட்டணத்துக் கை பட்டணத்துக் கைதான், நம்ம ஊர்ல இப்படிப் போட ஆள் ஏது'ன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க."

மிசாவோ கையைத் துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாக, நிதானமாகத் துடைத்தார். பிறகு சுவரில் ஆணியில் குத்தியிருந்த தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவினார்.

"நாப்பது வருஷம் இந்தக் கல்லுக்கு முன்னாடி நிக்கறேன். என் கடைப் பேரை எடுத்துட்டு வெள்ளைக் காகிதம் சுத்திக் கொடுன்னாங்க. சரி, அவசரம்னு கொடுத்தேன். அதுக்கு இந்தப் பேச்சா? இந்தா, எடுத்துட்டுப் போ. கடை மூடினா மூடட்டும், நான் மீன் காயப்போட்டுப் பொழைச்சுக்கறேன்."

அது ஒரு ஃபேக்ஸ் தாள். மேலே ஊர் அலுவலகத்தின் பொது நிர்வாகப் பிரிவின் பெயரும் எண்ணும் தேதியும் இருந்தன. கீழே அச்சு மாதிரியான கையெழுத்து. 'ஊழியர் அனைவருக்கும், மொத்தம் 243. அறைவாரியாகப் பெட்டி கட்டித் தரவும்.' அதற்கும் கீழே ஒவ்வோர் அறையாக எண்ணிக்கை. பள்ளிச் சமையற்கூடம் 31. குழந்தைக் காப்பகங்கள் 52. குடிநீர்ப் பிரிவு 17. நூலகம் 9.

யசுயோ அந்த ஒன்பதின் மேல் விரலை வைத்தாள். எடுக்கவில்லை.

"எபினுமா மேயரான வருஷம் புத்தாண்டுக்கு எத்தனை போட்டேன்னு கேளு," என்றார் மிசாவோ. "இருநூத்தி முப்பத்தாறு. ஆள் பாதியாயிருந்தா என் மாவு மூட்டைக்குத் தெரியாதா?"

ஹோரிபே விரல் விட்டு எண்ணினான். "பாதியாகறது இருக்கட்டும், ஏழு பேர் கூடியிருக்காங்களே! இதுக்கா விருது கொடுத்தாங்க?"

"நட," என்றார் நிஷிகோரி. "மூணு மணி ஆகப்போகுது."

*

கூட்ட அறை வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. சமையற்கூடப் பெண்கள் வெள்ளைத் தொப்பியோடு அப்படியே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்து நாற்காலியில், மடியில் குறிப்பேட்டோடு குவபாரா அம்மாள்.

மேடையில் உசாமி என்ற பொது நிர்வாக அதிகாரி புள்ளிவிவரம் வாசித்துக்கொண்டிருந்தார். நரைத்த தலை, ஊர் அலுவலகத்தின் சாம்பல் நிற மேற்சட்டை, சட்டைக் கை அழுக்காகாமலிருக்க முழங்கை வரை கறுப்பு உறை. "இந்த ஆண்டு ஊழியர் எண்ணிக்கை, நூற்றுப் பதினெட்டு," என்று அவர் முடித்ததும் மேயர் எபினுமா எழுந்து கைகளை விரித்தார். கேள்வி இருந்தால் தாராளமாகக் கேட்கலாம் என்றார்.

நிஷிகோரி எழுந்தார். ஃபேக்ஸ் தாளை உயர்த்திப் பிடித்து, தலைப்பிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். வாசித்து முடித்ததும், "இந்த நூத்திப் பதினெட்டுப் பேரும் ஆளுக்கு ரெண்டா சாப்பிட்டாங்களா, மேயர் ஐயா?" என்று கேட்டார்.

பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. ஹோரிபே யசுயோவைப் பார்த்துக் கண்ணடித்தான். முடிந்தது என்று நினைத்தான்.

எபினுமாவும் சிரித்தார். அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"பிடிச்சுட்டீங்களே! ஆமாங்க, டோக்கியோல வாங்க நேரமில்ல. நம்ம ஊர்க் கடைக்கே வியாபாரம் கொடுத்தேன். அது குத்தமா?" கைதட்டல் எழுந்தது. "எண்ணிக்கை கேக்கறீங்களா? நம்ம கட்டடத்துக்குள்ள யாரு கால் வெச்சாலும் எனக்குச் சொந்தம்தான். கம்பெனிக்காரங்களுக்கும் கொடுத்தேன், தபால்காரருக்கும் கொடுத்தேன். கொடுத்ததுக்கு என்னைக் குத்தவாளிக் கூண்டுல நிறுத்தறாங்க, பாத்தீங்களா!"

கைதட்டல் பலத்தது. நிஷிகோரி குவபாரா பக்கம் திரும்பினார். அந்த அம்மாள் வருத்தத்தோடு தலையசைத்தார்.

"இனிப்பு கொடுத்தது அன்புக்கு ஆதாரம், நிஷிகோரி-ஸான். வேலைக்கு ஆதாரம் ஆகாது."

யசுயோ நேராகத்தான் உட்கார்ந்திருந்தாள், ஆனால் கை இரண்டும் மடியில் இறுகியிருந்தன. நான்கு நாள்தான் இருக்கிறது. கையில் இருந்த ஒரே சீட்டும் செல்லாமல் போயிற்று. ஒரு கடைக்காரம்மாளின் பிழைப்பிலும் மண் விழப்போகிறது. ஹோரிபேக்கு அழுகை வரும் போலிருந்தது, அந்த ஆளை ஓங்கி அறையலாம் என்றும் இருந்தது.

எபினுமா அத்தோடு விட்டிருக்கலாம். ஜெயித்தவருக்கு இன்னும் கொஞ்சம் ஜெயிக்க ஆசை வந்தது.

"அதுல 'ஊழியர் அனைவருக்கும்'னு எழுதினதும் கை தவறிதான். எழுதினவர் இங்கேயே இருக்காரு. உசாமி-ஸான், நீங்களே சொல்லிடுங்க. தப்பா எழுதிட்டீங்க, இல்லையா?"

உசாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கறுப்பு உறையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இல்லீங்க," என்றார்.

"என்ன?"

"தப்பா எழுதலீங்க. நாப்பத்தொரு வருஷமா இந்த ஆபீஸ்ல நான்தான் தலை எண்ணறேன். ஒரு தடவைகூடத் தப்பினதில்ல."

"அப்போ நூத்திப் பதினெட்டு?"

"அதுவும் தப்பில்ல. ஐயா எண்ணச் சொன்னவங்களை எண்ணினா நூத்திப் பதினெட்டு. வேலை செய்யறவங்களை எண்ணினா இருநூத்தி நாப்பத்து மூணு. தபால்காரரை நான் சேர்க்கல."

சமையற்கூட வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள். "செலவாவது குறைஞ்சுதா, உசாமி-ஸான்?"

"சம்பளம்ங்கற வரில பாதியாச்சு. பொருள், சேவை வாங்கினதுங்கற வரில அதுக்கு மேலயே ஏறிச்சு. நடுவுல கம்பெனிக்கும் ஒரு பங்கு போகுதில்லையா? ரெண்டு வரியையும் கூட்டினா, பத்து வருஷத்துக்கு முன்னாடி இருந்ததைவிட இப்போ செலவு ஜாஸ்தி. நெசமாக் குறைஞ்சது உங்க கைக்கு வர்ற காசு மட்டும்தாம்மா."

எபினுமாவின் கழுத்து சிவந்துகொண்டு வந்தது. "உசாமி-ஸான், உட்காருங்க. பொறுப்புள்ள அதிகாரி பேசற பேச்சா இது?"

"நான் அதிகாரி இல்லீங்களே." உசாமி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நாலு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு ஓய்வு கொடுத்தாங்க. மறுநாள் காலைல அதே மேசைல வந்து உக்காந்தேன், கம்பெனி அனுப்பின ஆளா. அதே சட்டை, பாதிச் சம்பளம். நான் எழுதற கணக்குல என்னை எங்க எழுதியிருக்கேன் தெரியுங்களா? நகல் மெஷின் வாடகைக்கும் தரை மெழுகுக்கும் நடுவுல. ஒவ்வொரு வருஷமும் இந்த மேடைல நின்னு நூத்திப் பதினெட்டுன்னு வாசிக்கறேனே, அதுல நான் இல்ல."

ஆள் குறைந்த கணக்கை ஊருக்கு வாசித்துக் காட்டுகிற ஆளே குறைக்கப்பட்ட ஆள். நிஷிகோரிகூட இதை எதிர்பார்க்கவில்லை என்பது அவர் புருவத்திலேயே தெரிந்தது.

"அந்தச் சீட்டுல எண்ணிக்கை எழுதினப்போ," என்றார் உசாமி, "நாலு வருஷத்துல முதல் தடவையா என்னையும் சேர்த்து எண்ணினேன். நல்லா இருந்துச்சு."

"உசாமி!" எபினுமா மேசையைக் குத்தினார். தண்ணீர்க் குவளை உருண்டது. "போதும்! இந்த நிமிஷத்தோட உனக்கு வேலை இல்ல! நாளைலேர்ந்து இந்த ஆபீஸ் படி ஏறக் கூடாது! இது என் உத்தரவு!"

ஓரத்தில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. எழுதி முடித்துவிட்டுக் குவபாரா அம்மாள் தலை நிமிர்ந்தார்.

"மூணு பதினேழு," என்றார். "மேயர் ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். இவர் வேற கம்பெனி ஆளுன்னா, நீங்க எப்படி இவரை வேலையை விட்டு அனுப்ப முடியும்? உங்க ஆளைத்தானே நீங்க அனுப்ப முடியும்?"

எபினுமா உருண்ட குவளையை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

நிஷிகோரி மெல்ல உட்கார்ந்தார். "இப்போ கிடைச்சிருக்கு," என்றார் ஹோரிபேயிடம், உதடு அசையாமல்.

யசுயோ எழுந்துவிட்டாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நேராக மேடைக்கு முன்னால் போய், குனியாமல் நின்றாள்.

"மேயர் ஐயா, மிட்சுஹாஷி யசுயோ. நூலகப் புத்தக வண்டி. என்னையும் நீக்கிடுங்க."

"நீ... நீங்க..."

"பேரைச் சொல்லி, உரக்கச் சொல்லுங்க. அந்த அம்மா எழுதிக்கணும்."

நாற்காலிகள் நகர்ந்தன. சமையற்கூடப் பெண்களில் மூத்தவள் வந்து யசுயோவுக்குப் பின்னால் நின்றாள். "என்னையும் நீக்குங்க. ஹத்தகேயாமா. சூப் அண்டா." அவளுக்குப் பின்னால் காப்பகத்துப் பெண்கள் வந்தார்கள். குடிநீர்ப் பிரிவின் முரட்டு ஆள் ஒருவன், "எனக்கு ஒரு தடவை, என் தம்பிக்கு ஒரு தடவை. அவன் குழாய் ரிப்பேருக்குப் போயிருக்கான்," என்றான். வரிசை வாசலைத் தாண்டிச் செருப்புகள் கிடந்த இடம் வரை போயிற்று. எல்லோரும் வேலையை விட்டு அனுப்பச் சொல்லி அடம்பிடித்தார்கள்.

ஆளைக் குறைத்தேன் என்று பத்து வருஷமாக மேடைக்கு மேடை முழங்கியவருக்கு, கண்ணெதிரே வந்து நின்ற ஒருத்தியைக் குறைக்க வாய் வரவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களை யாரு போகச் சொன்னது, யசுயோ-ஸான்? யாரும் அப்படிச் சொல்லலையே..."

"அப்போ ஏப்ரல் ஒண்ணாம் தேதி நான் வண்டி எடுக்கலாமா?"

எபினுமா குவபாராவின் பேனாவைப் பார்த்தார். போ என்றாலும் மாட்டுவார், இரு என்றாலும் மாட்டுவார். பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டு வந்தது.

"எடுங்க," என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

"கேக்கல," என்றாள் யசுயோ.

"வண்டி எடுங்க!"

குவபாரா அம்மாள் நேரத்தையும் வார்த்தையையும் எழுதி, அடியில் கோடு போட்டார். பிறகு பக்கத்தைத் திருப்பினார்.

"சரி, அடுத்தவங்க வாங்க. பேர் சொல்லுங்க."